சாம்பிராணிச் சட்டையும் ஸ்ரௌவ்வில் மானும்

நான் ஓய்வுபெற்றவன். வயது இருபத்தெட்டு.

மான் வேட்டைத் துறையிலிருந்து ஓய்வு என்று சொன்னால் எங்கள் ஆட்கள் சிரிக்கிறார்கள். சிரிக்க இதில் ஒன்றுமில்லை. மூன்று இலையுதிர்காலங்கள் அந்தத் துறையில் முழு மனதோடு உழைத்திருக்கிறேன். பிரியாவிடையின்போது ஒரு பெட்டி மணமில்லாச் சவுக்காரமும் தந்தார்கள். என் பணிக்காலத்தில் என் கண்முன் ஒரு மானும் சாகவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரக்க மனமுள்ளவர்கள் பயப்படாமல் மேலே வாசிக்கலாம்.

போன கிழமை எங்கள் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்த பெடியன் ஒருவன் தொலைபேசி எடுத்தான். "அண்ணை, கரித்தூள் வைச்சுத் தைச்ச உடுப்பு வந்திருக்காம். போட்டால் மனிச மணமே வெளியில வராதாம். இனிச் சவுக்காரம் ஆருக்கு வேணும்? உங்கட காலத்தில என்ன செய்தனீங்கள்?"

'உங்கட காலத்தில' என்று அவன் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. அதனால் எழுதுகிறேன். எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பா யாழ்ப்பாணத்தில் துணி வெளுக்கிறவர். அவருடைய அப்பாவும் அதே தொழில்தான். "நீ சவுக்காரத்தில கை வைக்கக் கூடாது" என்று சொல்லிச் சொல்லியே என்னைப் படிப்பித்தார். நான் உயர்தரத்தில் இரசாயனம் படித்தேன். பிறகு சண்டைக்குள் ஊரைவிட்டு ஓடி, ரொறன்ரோ வந்து சேர்ந்து, ஸ்காபரோவில் முதன்முதலாகக் கிடைத்த வேலை சவுக்காரக் கட்டி பொதி செய்வது. ஊருக்குத் தொலைபேசி இல்லாத காலம் அது, அப்பா கொழும்புக்கு வந்து நின்ற நேரம் தொலைபேசியில் இதைச் சொன்னேன்.

"அங்கயும் சவுக்காரமோடா?" என்றார்.

"அப்பா, இது மணமில்லாத சவுக்காரம்."

"மணமில்லாட்டி அது என்னத்துக்கு?"

பயிற்சிக்காலம் முழுவதும் அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான். அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன்.

மான் உலகத்தை மூக்கால் வாசிக்கிறது. நாங்கள் பத்திரிகை பார்ப்பதுபோல அது காற்றைப் பார்க்கிறது. யார் வந்தது, எப்போது வந்தது, என்ன சாப்பிட்டது, எல்லாம் அதற்குத் தெரியும். எங்கள் தொழிற்சாலை இரண்டு வகைப் பொருட்களைச் செய்தது. ஒன்று மணத்தை எடுக்கிற சவுக்காரம். மற்றது மணத்தைக் கொடுக்கிற போத்தல்கள்: அப்பிள் மணம், ஈர மண் மணம், நரி மூத்திரம். ஆம், சரியாகத்தான் வாசித்தீர்கள். நரி காட்டில் எங்கும் திரிகிற பிராணி. அதன் மணம் மானுக்குப் புதிதல்ல. சப்பாத்திலும் காற்சட்டைக் கரையிலும் சில துளிகள் விட்டால் மனித மணத்தை அது ஓரளவு மறைக்கும். ஒரு பண்ணையிலிருந்து கலன்களில் வந்து இறங்கும். அதைப் போத்தலில் அடைக்கும் மேசையில்தான் புதிதாக வருகிறவர்களை முதலில் விடுவார்கள். என்னையும் விட்டார்கள்.

எங்கள் மேற்பார்வையாளர் பெயர் கோர்டன். மெலிந்த, நெடிய மனிதர். ஒருபோதும் உரத்துப் பேசமாட்டார். தொழிற்சாலைக்குள்ளும் பக்கத்தில் மான் நிற்பதுபோலத்தான் கதைப்பார். காலையில் வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவரையும் மூக்கை நீட்டி மணந்து பார்த்துவிட்டுத்தான் வணக்கம் சொல்வார். என்னோடு பொதி செய்த ரபீக் நானாவை மணந்துவிட்டு, "வறுத்த மிளகாய். தேங்காய். ஒரு சின்ன மீன்" என்றார் ஒருநாள்.

"சரிதான்" என்று ஆங்கிலத்தில் ஒத்துக்கொண்ட நானா, என் பக்கம் திரும்பி, "என்ன தம்பி இது, கஸ்டம்ஸ்காரன் நாயை விட்டுப்போட்டு இவனைப் பிடிச்சிருக்கலாம்" என்றார்.

முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். இவரும் யாழ்ப்பாணம்தான். ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் நான் இருந்த மாடிக் கட்டடத்திலேயே இரண்டு தட்டு மேலே குடியிருந்தார். பகிடி விடாமல் அவருக்கு ஒரு பெட்டி ஒட்ட வராது.

கோர்டன் வெளிக்களப் பரிசோதனைக்கு உதவியாளர் தேடியபோது நான் கை உயர்த்தினேன். இரசாயனம் படித்தவன் என்றும் சொன்னேன். அவர் என்னை மேலிருந்து கீழ்வரை மணந்து, "வெங்காயத்தை விட்டால் பார்க்கலாம், டேவ்" என்றார். என் பெயர் தவராசா. அவருக்கு நான் டேவ்.

வெளிக்களம் என்பது ரொறன்ரோவுக்கு வெளியே ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்கு வடக்கே ஒரு விவசாயியின் காட்டுத்துண்டு. வில்லால் மட்டும் வேட்டை. துவக்கு என்றால் தூரத்தில் நின்றே சுடலாம். வில்லுக்கு மான் மரத்தடிக்கே வரவேண்டும், ஆகவே மணம்தான் எல்லாம். வில் கோர்டனுடையது. என் வேலை மரத்தில் கட்டிய பரணில் அவருக்குப் பக்கத்தில் இருந்து, சின்னப் பவுடர்ப் போத்தலை அமத்தி, பவுடர் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துக் காற்றின் திசையைக் காதுக்குள் சொல்வது.

அதற்கு முன்னால் இருக்கிற ஆயத்தம்தான் பெரிது. வேட்டைக்கு முதல் சில நாட்களுக்கு வெங்காயம், உள்ளி, கறித்தூள் ஒன்றும் கூடாது. எங்கள் சவுக்காரத்தில்தான் குளிப்பு. பல் தீட்டுவது அப்பச்சோடாவில். வேட்டை உடுப்பை அதே சவுக்காரத்தில் தோய்த்து, வெளிக்காற்றில் காயவிட்டு, மூடி இறுக்கமான பிளாஸ்ரிக் பெட்டிக்குள் காய்ந்த இலைகளோடு வைத்து, நரிப் போத்தலால் சில துளி தெளித்து மூடவேண்டும். காட்டு வாசலுக்குப் போய்த்தான் அதைத் திறக்கலாம். வாகனத்துக்குள் உடுத்தக் கூடாது, வாகனத்தில் கோப்பி மணக்கும்.

முதல் வருடம் நான் ரபீக் நானா தந்த ஆட்டிறைச்சி ரோல்ஸ் ஒன்றை, உள் சேட்டின் பையில் மறந்துபோய்க் கொண்டுபோனேன். காற்று எங்களிலிருந்து பற்றைப் பக்கம். அங்கே ஒரு பெண் மான் தலை நீட்டியது. மூக்கை உயர்த்தியது. முன்னங்காலால் நிலத்தில் ஓங்கி மிதித்து, மூக்கால் 'ப்ஃபூ' என்று ஊதியது. பொதுக்கூட்டத்தில் எழும்பி நின்று எதிர்ப்புத் தெரிவிக்கிற மாதிரி. பிறகு வெள்ளை வாலை உயர்த்திக்கொண்டு ஓட, அதுவரை நாங்கள் காணாத வேறு நாலைந்து வால்களும் ஓடின.

கோர்டன் என் பக்கம் குனிந்து மணந்தார். "ஆடு" என்றார். "மிளகு. கறுவா." கொஞ்சம் பொறுத்து, "இன்னும் ஒன்று இருக்கிறதா?" என்றார்.

இரண்டாம் வருடம் நிலக்கடலை வெண்ணெய் மணம் ஒன்றைப் பரிசோதித்தோம். பிலிம் றோல் வருகிற கறுப்பு டப்பிக்குள் பஞ்சில் நனைத்து வைத்துக் கிளையில் தொங்கவிட்டோம். மான் வரவில்லை. ஒரு ரக்கூன் வந்தது. மரத்தில் ஏறி, டப்பியைக் கழற்றி, மூடி திறந்து மணந்து, உள்ளே சாப்பாடு இல்லை என்று கண்டதும் எங்களைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. அந்தப் பொருளை நிறுவனம் கைவிட்டது.

இப்போது என் வீட்டு நிலைமையைச் சொல்லவேண்டும். நான் பாக்கியம் அன்ரியின் அப்பார்ட்மெண்டில் ஓர் அறையில் இருந்தேன். கணவரை இழந்தவர், நல்ல மனம், நல்ல கைப்பக்குவம். அந்தக் கட்டடத்தில் எல்லாருடைய நோயும் கல்யாணப் பேச்சும் முதலில் அவருக்குத்தான் தெரியவரும். மானுக்காக நான் கறியைத் தள்ளிவைத்தது அவருக்குப் பெருங்கவலை.

"மானுக்கு மணக்கும் எண்டு மனிசன் பட்டினி கிடக்கிறதோ? உது என்ன வேலை ராசா?"

"விஞ்ஞானம் அன்ரி."

"பாவம் எல்லே மானைக் கொல்லுறது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒண்டு விழுந்தால் ஒரு தொடை கொண்டுவா" என்பார்.

என் உடுப்புப் பெட்டியைப் பல்கனி மூலையில், பழைய சாக்கு ஒன்றால் மூடி வைத்திருந்தேன். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கு நான் சொல்லவில்லை. நரி மூத்திரத்தை ஒரு சாமி அறை உள்ள வீட்டில் எப்படிச் சொல்வது?

மூன்றாம் வருடம் பெட்டியை அடைத்து மூடிய கொஞ்ச நாளில், இலை பழுக்கத் தொடங்கியபோது, கட்டடத்தில் எல்லாரும் என்னிடம் காரணமில்லாமல் அன்பாக நடக்கத் தொடங்கினார்கள். லிப்டில் ஒரு அங்கிள் என் தோளைத் தட்டி, "எல்லாம் சரிவரும் தம்பி" என்றார். அன்ரி பின்னேரத் தேத்தண்ணியைப் பாதிக் கோப்பையாக்கினார். ரபீக் நானாகூடப் பகிடியை நிறுத்திவிட்டு, "ஊரில கனக்கக் கண்டிட்டம் தம்பி. இரவில பயக் கனவு வாறது எல்லாருக்கும் உள்ளதுதான்" என்றார். எனக்குக் கனவே வருவதில்லை. ஆனாலும் மரியாதைக்குத் தலையாட்டினேன்.

அந்த நேரம் எனக்கு வேறு கவலை. வியாபாரம் படுத்திருந்தது. ஒரு மதியம் கோர்டன் பொதி மண்டபத்தில் எங்களைக் கூப்பிட்டு, வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினார். பெரிய விளையாட்டுப் பொருள் கடைகளுக்குக் கொள்வனவு செய்கிற ரஸ்ஸல் என்பவர் சனிக்கிழமை எங்களோடு வேட்டைக்கு வருகிறார். சவுக்காரம் வேலை செய்கிறது என்று தன் கண்ணால் கண்டால் ஓர்டர் தருவார். தராவிட்டால் பனிக்காலத்தில் பொதி மண்டபம் பூட்டப்படும். அதாவது நானும் நானாவும் மற்ற எல்லாரும் வீட்டில்.

"தம்பி, மானிட்ட நல்லாய்க் கதை" என்றார் நானா. அவர் குரலில் பகிடி முழுதாக இல்லை. அவருடைய மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம்.

சனிக்கிழமை காலை கோர்டனின் பிக்கப்பில் போனோம். ரஸ்ஸல் பருத்த, சிரித்த முகமான மனிதர். ஒரு கிழமையாக எங்கள் சவுக்காரத்தில் குளித்ததில் தன் நாய் தன்னைப் பார்த்துக் குரைக்கிறது என்றார். நல்ல சகுனம் என்று நினைத்தேன். பண்ணையின் மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். நான் என் பெட்டியை இறக்கி, மூடியைத் திறந்தேன்.

சாம்பிராணி.

வெள்ளிக்கிழமைச் சாமி அறை முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. இலைகளைக் காணவில்லை. நரியைக் காணவில்லை. சட்டையும் காற்சட்டையும் பூ மணக்கிற சலவை மெஷின் திரவத்தில் தோய்த்து, ஸ்திரிக்கை போட்டு, சாம்பிராணிப் புகை காட்டி, கோயிலுக்கு உடுத்திக்கொண்டு போகிற வேட்டி மாதிரி மடித்து வைக்கப்பட்டிருந்தன. அன்ரியின் வேலை என்பது தெரிந்தது. ஏன் என்பதுதான் தெரியவில்லை.

கோர்டன் பிக்கப்பின் மறுபக்கம் நின்றவர். நின்ற இடத்திலேயே தலையை உயர்த்தினார். சுற்றி வந்து பெட்டிக்கு மேலே குனிந்தார்.

"தேவாலயம்" என்றார்.

ரஸ்ஸலும் குனிந்தார். "கல்யாண வீடும்" என்றார். அவருடைய சிரிப்பு போய்விட்டது. "உங்கள் ஆளே இப்படி வந்தால், கோர்டன், நான் எதை நம்பிக் கடைக்கு எடுப்பது?"

தொழுவத்துக்குள் ஒரு மாடு கத்தியது. எனக்கு ரபீக் நானாவின் வீடு கண்ணுக்குள் வந்தது.

"ஒன்று செய்வோம்" என்றார் ரஸ்ஸல். "இதைத் தோயுங்கள், உங்கள் சவுக்காரத்தாலே. இவனும் என்னோடு பரணில் ஏறட்டும். மான் ஓடாமல் நின்றால் ஓர்டர். ஓடினால் நான் வீட்டுக்குப் போகிறேன்."

கோர்டனின் முகம் வெளிறியது. சாம்பிராணி என்பது பிசின். பிசின் புகை நூலுக்குள் போய்விட்டால் குளிர்ந்த தண்ணீரில் அசையாது. அது அவருக்கும் தெரியும், இரசாயனம் படித்த எனக்கும் தெரியும். ஆனால் எனக்கு இன்னொன்றும் தெரியும். ஐயர் வீட்டு வேட்டிகள் எங்கள் வீட்டுக்கு வரும்போது இதே மணத்தோடுதான் வரும்.

"அப்பச்சோடா இருக்கா?" என்றேன். "சுடுதண்ணீர் வேண்டும்."

விவசாயியின் மனைவி கேத்திலில் சுடுதண்ணீர் கொண்டுவந்து கொண்டுவந்து ஊற்றினார். சோடாக் கரைசலில் ஊறவைத்தேன், பிசின் இளகும்வரை. அதற்குப் பிறகுதான் சவுக்காரம். முதலில் சவுக்காரம் போட்டால் புகை பிடித்துக்கொள்ளும். மாடு தண்ணீர் குடிக்கிற சீமெந்துத் தொட்டியின் விளிம்பு கல் மாதிரி நல்ல வாகாக இருந்தது. சட்டையை முறுக்கித் தலைக்கு மேல் வீசி அடித்தேன்.

சொத்!

"டேவ்," என்று கோர்டன் கிசுகிசுத்தார், "மெதுவாக. மான்களுக்குக் கேட்கும்."

"மெதுவாக அடித்தால் போகாது!" என்றேன். மேலதிகாரியிடம் நான் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

சொத்! ஒவ்வொரு அடிக்கும் என் பல்லுக்கிடையால் 'இஸ்' என்று ஒரு மூச்சுப் போனது. அப்பாவுடைய மூச்சு அது. என்னைச் சவுக்காரத்தில் கை வைக்கவிடாமல் படிப்பித்த மனிதர், ஸ்ரௌவ்வில்லில் ஒரு மாட்டுத் தொட்டியடியில் என் வாய்க்குள் வந்து நிற்பார் என்று யார் கண்டது? இரண்டு மாடுகள் வேலிக்கு மேலால் தலை நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றன.

அலசி முறுக்கிக் கொடுத்தேன். கோர்டன் கழுத்துப் பட்டியை மணந்தார், கக்கத்தை மணந்தார், பைகளை வெளியே இழுத்து மணந்தார். வேட்டியை வாங்கும்போது ஐயர்கூட இப்படிப் பார்த்ததில்லை.

"ஒன்றுமில்லை" என்றார்.

"எனக்கும் ஒன்றுமில்லை" என்றார் ரஸ்ஸல். "ஆனால் நான் மான் இல்லையே."

காய்வதற்கு நேரமில்லை. ஈரத்தோடு உடுத்தேன். குளிர் எலும்பைப் போய்த் தொட்டது. பரணில் ரஸ்ஸல் வில்லோடும் நான் பவுடர்ப் போத்தலோடும் இருந்தோம். கோர்டன் எதிர் மரத்தில் தூரக்கண்ணாடியோடு இருந்தார். என் பல் தந்தி அடித்தது. தொப்பியைக் கழற்றி வாய்க்குள் கடித்துக்கொண்டேன்.

பின்னேர வெயில் சாய்ந்தபோது அது வந்தது. கொம்புள்ள ஆண் மான். போத்தலை அமத்தினேன். பவுடர் நேராக அதன் பக்கம் மிதந்துபோனது. இதைவிட மோசமான காற்று அமையாது. என் மேல் இருந்த ஒவ்வொரு மணமும் இப்போது அதன் மூக்கில்.

மான் நின்றது. மூக்கை உயர்த்தியது. நான் அந்த முன்னங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிதித்தால் பொதி மண்டபத்துக்குப் பூட்டு. மிதிக்கவில்லை. ஓர் அடி வைத்தது. இன்னோர் அடி. எங்கள் மரத்துக்கு நேரே கீழே வந்து, அண்ணாந்து, திரும்ப மணந்தது.

அப்போது என் சட்டைக் கையில் திரண்டிருந்த ஒரு துளி தண்ணீர் கீழே விழுந்தது. சரியாக அதன் மூக்கில்.

நான் கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது மான் நாக்கை நீட்டி அந்தத் துளியை நக்கிக்கொண்டிருந்தது. நக்கிவிட்டு, இன்னொன்று வருமா என்று மேலே பார்த்தது.

பரண் ஆடத் தொடங்கியது. திரும்பிப் பார்த்தேன். ரஸ்ஸல் வில்லை மடியில் போட்டுவிட்டு, வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, கண்ணால் தண்ணீர் ஓடக் குலுங்கிக்கொண்டிருந்தார். கடைசியில் அடக்க முடியாமல் அவர் வெடித்துச் சிரிக்க, மான் ஒரே பாய்ச்சலில் பற்றைக்குள் போனது. மணத்துக்கு ஓடாத மான் சிரிப்புக்கு ஓடியது.

"கோர்டன்!" என்று அவர் மரத்திலிருந்தே கத்தினார். "எல்லாக் கடைக்கும் அனுப்பு!"

கோர்டன் இறங்கி வந்து என்னை மணந்தார். பிறகு கை குலுக்கினார்.

வீடு திரும்பும் வழியில் பிக்கப் ஹீற்றர் என் மேற்சட்டையைக் காயவைத்துவிட்டது. காற்சட்டை காயவில்லை. அப்படியேதான் கதவைத் தட்டினேன். அன்ரி திறந்தார். என் முகத்தைப் பார்த்தார். காற்சட்டையைப் பார்த்தார்.

"ஐயோ ராசா. பகலிலயுமோ?"

எனக்கிருந்த சந்தோசத்தில் அந்தக் கேள்வி புரியவில்லை. "ஓம் அன்ரி, முழுக்க நனைஞ்சுபோச்சு! மான் இவ்வளவு கிட்ட வந்திட்டுது!"

"பயந்திட்டியாக்கும்."

"பயம் இல்லாமலோ? எல்லாற்ற வேலையும் என்ர கையில எல்லோ இருந்தது!"

"சரி சரி. மாத்திப்போட்டு வா. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்றார். கண் கலங்கியிருந்தது.

அடுத்த நாள் காலை ரபீக் நானா பேரீச்சம்பழத்தோடு வந்தார். ஓர்டர் கிடைத்ததைச் சொன்னேன். என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு பக்கத்தில் இருந்து, குரலைத் தாழ்த்தி, "தம்பி, நல்ல டொக்டர் ஒருத்தர் இருக்கிறார். வெட்கப்படாதையும். பாக்கியம் அக்கா உம்மட உடுப்புப் பெட்டியைத் திறந்து பாத்தவவாம்" என்றார்.

எல்லாம் அப்போதுதான் விளங்கியது. இலைக்குள் ஒளித்து வைத்த உடுப்பு. அதில் மூத்திர மணம். ஊரில் சண்டைக்குள் இருந்து வந்த, கறி சாப்பிடாத, தனியான பெடியன். நான் வெட்கப்படக்கூடாது என்று சத்தமில்லாமல் தோய்த்து, தோஷம் கழியச் சாம்பிராணி காட்டி, இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறார் அந்த நல்ல மனிசி. ஒருத்தருக்கும் சொல்லவில்லை, அந்தக் கட்டடத்தில் இருந்தவர்களைத் தவிர.

நானாவிடம் உண்மையைச் சொன்னேன். நரி மேசையில் வேலை செய்த மனிதர், உடனே விளங்கிக்கொண்டு நிலத்தில் குந்திச் சிரித்தார். பிறகு துணிந்து அன்ரியிடம் போனேன்.

"அன்ரி, அது என்ர இல்லை. நரியின்ர."

அன்ரி கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நரியின்ர மூத்திரத்தைப் போத்தில்ல அடைச்சு, வெள்ளைக்காரன் காசு குடுத்து வாங்கி உடுப்பில ஊத்துறானோ?"

"ஓம் அன்ரி."

"படிச்ச பிள்ளை நீ. உனக்கு இதைவிட நல்ல பொய் ஒண்டும் கிடைக்கேல்லையோ?"

அப்பாவோடு அடுத்த முறை கதைக்கக் கிடைத்தபோது மாட்டுத் தொட்டிக் கதையை முழுக்கச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முதல்ல சோடா, பிறகு சவுக்காரம். மறக்கேல்லைத்தானே?" என்றார். மறக்கவில்லை என்றேன். மணமில்லாச் சவுக்காரம் என்னத்துக்கு என்று அதற்குப் பிறகு அவர் கேட்டதில்லை.

பொதி மண்டபம் அந்தப் பனிக்காலம் முழுவதும் ஓடியது. நானாவுக்கு மகள் பிறந்தாள். கொஞ்ச நாளில் எனக்கு ஒரு ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்து, நான் மான் துறையிலிருந்து ஓய்வுபெற்றேன். இப்போது அவர்கள் கரித்தூள் உடுப்புச் செய்யட்டும். நல்லாய் இருக்கட்டும். புதுப் பெடியனுக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றுதான்: பெட்டிக்குப் பூட்டுப் போடு.

எழுதுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது என்று தொடக்கத்தில் சொன்னேன். எனக்கு இப்போது கல்யாணம் பேசுகிறார்கள். பெண் வீட்டார் டோர்செட் பார்க்கில் அந்தக் கட்டடத்துக்குப் போய் என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார்களாம். அவர்களும் இதை வாசிக்கக்கூடும். அன்ரி தங்கமான மனிசி, அவர் சொல்கிற மற்றதெல்லாவற்றையும் நீங்கள் நம்பலாம். ஆனால் அது நரியுடையது.